ராயபுரம் முனையம் எப்போது மூடப்பட்டது, ஆற்காட்டு ரயில் எங்கே வந்து நின்றது?

ராணிப்பேட்டையிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு ஓடியது என்று பாடப் புத்தகம் சொல்கிறது, ஆனால் ஆற்காட்டில் ரயில் நிலையமே இல்லையே என்பது முதலாவது. 1873இல் சென்ட்ரல் திறந்ததும் ராயபுரம் முனையம் மூடப்பட்டது என்று படித்தேன், அது சரியா என்பது இரண்டாவது. தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்த உங்கள் தாத்தா 1940களில் ராயபுரத்துக்குத் தோல் கட்டுகளை ரயிலில் அனுப்பியதாகச் சொல்வார், வீட்டில் யாரும் நம்பவில்லை, மூடிய நிலையத்துக்கு அவர் எப்படி அனுப்பியிருக்க முடியும் என்பது மூன்றாவது. நான் புரிந்துகொண்ட வரையில் இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு ரயில் முனையம் எந்த நாளில் மூடப்பட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்வது? அதற்குப் பதில் கிடைத்தால் உங்கள் தாத்தாவின் பேச்சுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே தண்டவாளப் பராமரிப்பில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதையையும் பாலங்களையும் நடந்தே அறிந்தவன். பழைய கால அட்டவணைகளையும் மாவட்டக் கையேடுகளையும் ஓய்வுக்குப் பிறகு விரும்பிப் படித்துவருகிறேனே தவிர, வரலாற்றில் முறையான பயிற்சி எனக்கு இல்லை. கட்டடக் கலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. ஆகவே உறுதியானதை உறுதியாகச் சொல்லி, என்னுடைய ஊகம் எதுவோ அதை ஊகம் என்றே குறிப்பிடுகிறேன்.

உறுதியானவற்றை முதலில் பார்ப்போம். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி லண்டனில் உருவான கம்பெனி. 1845இல் எடுத்த முதல் முயற்சி கைகூடாமல் போய், பிறகு மறுபடியும் அமைக்கப்பட்டு, போட்ட முதலுக்கு இவ்வளவு வட்டி நிச்சயம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவாதம் கொடுத்த பிறகே பங்குகள் விற்றன. 1853இல் பாதை வேலை தொடங்கியது. 1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரத்தில் பாதையைத் திறந்து வைத்தார். பொதுமக்கள் கட்டணம் கொடுத்துப் பயணம் செய்யத் தொடங்கியது ஜூலை 1ஆம் தேதி. சில நூல்களில் ஜூன் 28 என்றும் சிலவற்றில் ஜூலை 1 என்றும் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்று பிழை என்று நினைக்க வேண்டாம். முதல் தேதி விழாவுக்குரியது, இரண்டாவது டிக்கெட் விற்ற தேதி. பம்பாயில் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 1853லும், ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854லும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டதால், இந்தியாவில் பயணிகளுக்காகத் திறந்த பாதைகளில் நம்முடையது மூன்றாவதாக வருகிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் என்று சொல்வதும் சரியே. முதல் இருப்புப்பாதை என்று சொன்னால்தான் தவறு, ஏனென்றால் சாலை போடுவதற்கான கல்லைச் சுமந்து வர 1837 வாக்கிலேயே செங்குன்றத்திலிருந்து ஒரு பாதை போடப்பட்டிருந்தது.

இனி ஆற்காடு. ராயபுரத்தில் புறப்பட்டுச் சுமார் 100 கிலோமீட்டர் வந்து முதல் ரயில் நின்ற நிலையத்தைத்தான் நாம் இன்று வாலாஜா ரோடு என்கிறோம். அந்தக் காலத்து ஆவணங்கள் அதை ஆற்காடு என்றே எழுதின. நவாப்புகளின் தலைநகராக இருந்தது, 1751 முற்றுகையால் இங்கிலாந்திலும் பேர் தெரிந்த ஊர் அது; லண்டனில் பங்கு வாங்குகிறவருக்கு ஆற்காடு என்றால் புரியும், வேறு ஊர்ப் பெயர் புரியாது. ஆனால் ஆற்காடு நகரம் பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது, ரயில் பாதையோ இந்தப் பகுதியில் வடகரையை விட்டு இறங்கவே இல்லை. ஊருக்கும் நிலையத்துக்கும் தூரம் அதிகமாக இருந்தால் ஊர்ப் பெயரோடு 'ரோடு' என்று சேர்ப்பது ரயில்வேயின் பழைய வழக்கம். அந்த ஊருக்குப் போகும் சாலை இங்கே பிரிகிறது என்பது அதன் பொருள். வாலாஜாபேட்டையும் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே பாடப் புத்தகம் பொய் சொல்லவில்லை. அன்றைய பெயரை எழுதிவிட்டு இன்றைய பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான். வேலூருக்கும் இதே கதை நடந்தது. பாலாற்றைத் தாண்டாமல் பாதை வடகரையோடு மேற்கே போனதால் காட்பாடி பெரிய ஜங்ஷனாக வளர்ந்தது, வேலூர்க்காரர்கள் இன்றைக்கும் பெட்டி படுக்கையோடு பாலத்தைக் கடந்து காட்பாடிக்குப் போய்த்தான் விரைவு வண்டி பிடிக்கிறார்கள். வேலூர் கன்டோன்மென்ட் வழியாகச் செல்லும் விழுப்புரம் பாதை பிற்காலத்தில் மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில், வந்தது. ஆற்காட்டு ஊருக்குள் ரயில் வரவேண்டுமானால் திண்டிவனம்–நகரி புதிய பாதை முடிய வேண்டும்.

பாதையை முதலில் அந்த இடத்தோடு ஏன் நிறுத்தினார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு காரணங்கள் வெளிப்படையானவை. பாலாற்றின் இந்தக் கரையில், இன்றைய ராணிப்பேட்டைப் பகுதியில், குதிரைப்படைப் பாசறை வெகுகாலம் இருந்தது. 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து போனது அங்கிருந்துதான். அந்த நாளுக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைய ஒன்பது நாட்கள் இருக்கும்போது அதே இடத்துக்கு ரயில் வந்து சேர்ந்தது. படையை ஓரிரவில் நகர்த்தும் வசதியைக் கம்பெனி அரசாங்கம் எவ்வளவு மதித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது காரணம் வியாபாரம். மலைக்கு மேலே மைசூர்ச் சீமையிலிருந்து இறங்கும் சரக்கும் சென்னையிலிருந்து ஏறும் சரக்கும் வாலாஜாபேட்டையில் கை மாறின. துணியும் தானியமும் மசாலாப் பொருள்களும் அங்கே பெரிய வாணிபமாக நடந்தன.

மூன்றாவது காரணம் என்னுடைய ஊகம் மட்டுமே. வாலாஜா ரோட்டுக்கு மேற்கே முகுந்தராயபுரத்தையும் தாண்டினால் திருவலத்துக்கு முன்பாகப் பொன்னை ஆறு குறுக்கே வருகிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, மழை பெய்தால் ஓரிரவில் இரு கரையும் தொட்டு ஓடும் ஆறு அது. 2021 டிசம்பரில் வெள்ளத்தில் அங்கே பாலத்தின் தூண் பாதிக்கப்பட்டுப் பல ரயில்கள் நிறுத்தப்பட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். மணலுக்கு அடியில் நிலையான தளம் தேடி அடித்தளம் இறக்குவது எவ்வளவு மெதுவான வேலை என்பதை அந்தப் பாலங்களைப் பராமரித்தவர்கள் அறிவார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் முடிந்த வரைக்கும் பாதையைத் திறந்து வருமானம் பார்த்துவிட்டு, பாலம் கட்டும் வேலையை அதற்குரிய காலத்தில் முடித்துக்கொள்வது எந்தப் பொறியாளரும் எடுக்கும் முடிவு. முதல் கட்டம் பொன்னைக்குக் கிழக்கே முடிந்தது என்பது வரைபடத்தில் பார்க்கக்கூடிய உண்மை. ஆறுதான் அதற்குக் காரணம் என்பதை மட்டும் என் ஊகமாக வைத்துக்கொள்ளுங்கள். இதனோடு இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். முதல் ரயில் ஆம்பூர் வரை போனது என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஆம்பூர் வாலாஜா ரோட்டுக்கு மேற்கே எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, இடையில் பொன்னையும் இருக்கிறது. முதல் கட்டம் ஆற்காட்டோடு முடிந்தது என்பதில் ஐயமில்லாததால், ஆம்பூர் என்பது எங்கோ பெயர் மாறி எழுதப்பட்டுப் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகவே இருக்க வேண்டும்.

பாதையின் மறுமுனை ராயபுரம். சென்னைக்கு அப்போது கட்டிய துறைமுகம் கிடையாது. அந்த வேலை 1875 வாக்கில்தான் தொடங்கியது. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட, அலையைக் கடந்து மசூலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரை சேர்ந்தன. தண்டவாளமும் எஞ்சினும் கப்பலில்தான் வந்தாக வேண்டும் என்பதால் பாதை கடற்கரையிலிருந்து உள்நாட்டை நோக்கியே வளர முடியும். போட்டு முடித்த பாதையின் மேலேயே அடுத்த மைலுக்கு வேண்டிய இரும்பையும் கட்டையையும் ஏற்றிச் செல்வார்கள். ஆகவே கடலுக்கு அருகே, வியாபாரிகள் நிறைந்த கறுப்பர் நகரத்தின் (இன்றைய ஜார்ஜ் டவுன்) மதிலுக்கு வெளியே, காலியிடம் கிடைத்த ராயபுரம் முனையத்துக்கு ஏற்ற இடமாக இருந்தது. உயரமான தூண்கள் வரிசையாக நிற்க ஒரு பெரிய மாளிகையைப் போல நிலையத்தைக் கட்டினார்கள். கம்பெனியின் தலைமை அலுவலகமும் ராயபுரத்திலேயே நடந்தது. பெட்டிகளைச் செப்பனிடும் பணிமனை பெரம்பூரில் அதே 1856இல் ஏற்பட்டது.

ஒரு முனையத்துக்கு வாழ்வு கொடுப்பது கட்டடமல்ல. வண்டியிலிருந்து இறங்கும் சரக்கு வேறு வண்டிக்கோ படகுக்கோ மாறுவதும், அந்த மாறுதலைச் சுற்றிக் கூலிக்காரர், தரகர், மண்டி, சத்திரம், வண்டிப்பேட்டை எல்லாம் அமைவதும்தான் அதன் வாழ்வு. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் நம் பக்கத்து முனை முதலில் அணைந்துபோனது தெரியும். பாதை பொன்னையைத் தாண்டிக் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று மேற்கே நகர்ந்து 1862இல் மேலைக் கடற்கரையில் பேப்பூரைத் தொட்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை போயிற்று. 1871இல் அரக்கோணத்திலிருந்து வடமேற்கே போன பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு சேர்ந்தது. மைசூர்ச் சரக்கு வாலாஜாபேட்டையில் இறங்கி ஏற வேண்டிய அவசியம் அதோடு ஒழிந்தது. ரயில் வந்தால் செழிக்கும் என்று எதிர்பார்த்த வாலாஜாபேட்டை, ரயில் தன்னைத் தாண்டிப் போனதால் வியாபாரம் குறைந்தது என்பதை வடஆற்காட்டைப் பற்றிய பழைய அரசாங்கக் குறிப்புகளே சொல்கின்றன. வாலாஜா ரோடு நிலையத்தை யாரும் மூடவில்லை. அது இன்றும் இயங்குகிறது. முனையமாக இருந்தது மட்டும் முடிந்துபோயிற்று. ராயபுரத்தின் கதையைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல முன்மாதிரி.

மூன்று திசையிலிருந்து வந்த பாதைகளின் வண்டிகள் எல்லாம் ஒரே முனையில் குவிந்ததால் ராயபுரத்தில் நெருக்கடி கூடியது. பார்க் டவுனில் 1873இல் இன்னொரு நிலையம் கட்டினார்கள். ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த அந்தக் கட்டடத்தை ராபர்ட் சிஷோம் மாற்றி அமைத்து, மணிக்கூண்டு முதலியவை சேர்த்து முடிக்க 1900 வரை ஆயிற்று. அதுதான் சென்ட்ரல். ராயபுரத்தின் முடிவை 1873 என்று எழுதுகிறவர்கள் இந்தத் திறப்பு நாளைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆனால் சென்ட்ரல் திறந்தபோது அது நகரத்தின் இரண்டாவது முனையமாகத்தான் இருந்தது. ராயபுரத்துக்கு வண்டிகள் வருவது நின்றுவிடவில்லை. 1907இல் கடற்கரையோரப் பாதை தெற்கே நீட்டப்பட்ட பிறகே ராயபுரம் பாதையின் முடிவாக இல்லாமல் நடுவழி நிலையமாயிற்று, நெடுந்தூர வண்டிகள் சென்ட்ரலில் நிற்கத் தொடங்கின. அடுத்த ஆண்டு 1908இல் மெட்ராஸ் ரயில்வே, தெற்கு மராட்டா ரயில்வேயோடு இணைந்து மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே ஆயிற்று. தெற்கு மாவட்டங்களுக்கு மீட்டர் கேஜ் வண்டிகள் புறப்படும் எழும்பூர் நிலையமும் அதே 1908இல் திறந்தது. அப்போதும் புதிய கம்பெனியின் தலைமையகம் ராயபுரத்தில்தான் இருந்தது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இப்போது தெற்கு ரயில்வே தலைமையகமாக இருக்கும் கல் கட்டடம் 1922இல் திறந்த பிறகுதான் அலுவலகமும் போயிற்று.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒற்றைத் தேதியில் பதில் சொன்னால் அது தவறாகிவிடும். 1873இல் போட்டிக்கு ஒரு நிலையம் வந்தது, 1907இல் நெடுந்தூரப் பயணிகள் போனார்கள், 1922இல் அதிகாரிகள் போனார்கள். இவற்றில் எதுவும் ராயபுரத்தின் கதவை அடைக்கவில்லை. நான் கட்டாயம் ஒரு தேதி சொல்லியாக வேண்டுமென்றால் 1907 என்பேன். தண்டவாளம் முடியும் இடம்தான் முனையம். தண்டவாளம் தாண்டிப் போன பிறகு அது வழியில் உள்ள நிலையம். இது பாதை வேலை பார்த்தவனின் அளவுகோல். நிர்வாக வரலாறு எழுதுகிறவர் 1922 என்று சொன்னால் அவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

சென்ட்ரல் ஏன் வென்றது என்பதற்கு என் கருத்து ஒன்று. ராயபுரத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகும் வண்டி முதலில் வடக்கே போய் வளைந்து, வியாசர்பாடிப் பக்கம் வந்து மேற்கே திரும்ப வேண்டும். பெரம்பூரிலிருந்து வருகிறவனுக்குப் பார்க் டவுன் நேர்வழி. அதோடு வேப்பேரி, எழும்பூர், மவுண்ட் ரோடு என்று நகரம் மேற்கிலும் தெற்கிலும் பரவிவிட்டது. பயணிக்குத் தன் வீட்டுக்கு அருகே நிலையம் வேண்டும். சரக்குக்குக் கடலுக்கு அருகே நிலையம் வேண்டும். 1856இல் இரண்டும் ஒரே இடமாக இருந்தன, பிறகு இரண்டாகப் பிரிந்தன.

இதில்தான் உங்கள் தாத்தாவின் நியாயம் இருக்கிறது. பயணிகள் சென்ட்ரலுக்குப் போன பிறகும் சரக்கு வேலை ராயபுரத்தில் தொடர்ந்தது. துறைமுகத்துக்கு ஒட்டிய இடம் அது. யார்டும் கூட்ஸ் ஷெட்டும் லோகோ ஷெட்டும் அந்த வட்டாரத்தில்தான் பரந்து கிடந்தன. ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிட்ட தோல் சென்னைக்குப் போனபோது அதற்கு இரண்டு விதமான போக்கு இருந்தது. சென்னைத் தரகர் வழியாக விற்கும் சரக்கு பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போகும்; அதற்குச் சென்ட்ரலை ஒட்டிய சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட் வசதி. நேரே கப்பலுக்குப் போகும் ஏற்றுமதிச் சரக்குக்குத் துறைமுகப் பக்கம் வசதி. ராணிப்பேட்டையில் கட்டிய தோலை வாலாஜா ரோட்டில் ஏற்றி ராயபுரத்துக்கு புக் செய்திருப்பது முழுக்க முழுக்க இயல்பான காரியம். உங்கள் தாத்தா புக் செய்தார் என்று நான் சான்று கொடுக்க முடியாது. அவர் சொன்னது நடந்திருக்கக்கூடியது, மூடிய நிலையம் என்ற காரணத்தைச் சொல்லி அதை மறுக்க முடியாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பயணச்சீட்டையே நினைத்துக்கொண்டு நிலையத்தின் வரலாற்றை எழுதுவதால் வரும் பிழை இது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எழுதினார்கள், கூட்ஸ் ஷெட்டில் நின்றவர்கள் எழுதவில்லை.

இப்போதைய நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராயபுரத்தில் புறநகர் மின்வண்டிகள் நின்று செல்கின்றன. மின்சார எஞ்சின் ஷெட் ஒன்று அங்கே இருக்கிறது. சிதைந்து கிடந்த பழைய கட்டடம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது. அப்போது ரயில்வே இணையமைச்சராக இருந்த ஆர். வேலு நம் அரக்கோணம் தொகுதியின் உறுப்பினர். இந்தியாவில் எஞ்சி நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையது என்று பலரும் எழுதுகிறார்கள். போரிபந்தரிலும் ஹவுராவிலும் இருந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை என்பதால் அந்தக் கூற்றுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. ஆனால் 'மிகப் பழைய நிலையம்' என்று சுருக்கிவிடக் கூடாது. நிலையம் என்ற அளவில் அவை இரண்டும் முந்தியவை. ராயபுரத்தை மறுபடியும் நெடுந்தூர வண்டிகளின் முனையமாக்க வேண்டும் என்ற வடசென்னை மக்களின் கோரிக்கை பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. என் மனதும் அவர்கள் பக்கம்தான். அந்த இடத்தில் நிலம் இருக்கிறது, பாதை இருக்கிறது.

நேரில் பார்க்க விரும்பினால் உங்களுக்கு ஒரு வண்டி இருக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிக்கொண்டிருந்து, 2024 முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கும் மெமு வண்டி அது. சென்ட்ரலைத் தொடாமல், ராயபுரம் வழியாக வந்து, அரக்கோணம், சோளிங்கர் கடந்து வாலாஜா ரோட்டுக்கு வருகிறது; 1856 ஜூலையில் டிக்கெட் வாங்கியவர்கள் வந்த தடத்திலேயே நீங்கள் வரலாம். அதற்கு முன்பாக ஒரு காரியம் செய்யுங்கள். சரக்கு அனுப்பினவருக்கு ரயில்வே கொடுக்கும் ரசீதை, அந்த ஆர்.ஆர். என்பதை, தோல் ஷாப்புகளில் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி வைப்பது வழக்கம். ஏற்றிய நிலையமும் சேரும் நிலையமும் அதில் எழுதியிருக்கும். தாத்தாவின் பெட்டியில் பழைய காகிதக் கட்டு ஏதாவது இருந்தால், கரையான் அரிப்பதற்கு முன் பிரித்துப் பாருங்கள். சேரும் நிலையம் என்ற இடத்தில் ராயபுரம் என்று ஒரு சீட்டு கிடைத்தால் போதும், அதன் தேதியை மட்டும் எனக்கு எழுதுங்கள்.